மண்டியிட்ட வண்டி

சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு தொழிற்சாலையில் முதலாளிக்கு டிரைவராக இருந்தேன். 2000களின் நடுவில் அவர் வெளிநாட்டு ஃபோர் வீல் டிரைவ் வண்டி ஒன்று வாங்கினார். அந்த மழைக்காலத்தில், டீச்சர் வேலை பார்த்த என் மனைவி பள்ளிக்கூடப் படியில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டாள். அவளை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அழைத்துவர லீவு கேட்டேன்.

"கட்டுப் போட்ட காலோட ஆட்டோவுலயா கூட்டிட்டுப் போவீங்க? நம்ம வண்டியை எடுத்துட்டுப் போங்க" என்றார் சார்.

ஆஸ்பத்திரி வாசலில் வண்டியைப் பார்த்ததும் அவள் முகம் வாடியது. "ஏங்க, இவ்ளோ ஒசரத்துல எப்படி ஏறுவேன்?"

பொத்தானை அழுத்தினேன். புஸ்ஸென்று காற்று வெளியேற, வண்டி மூன்று விரற்கடை தாழ்ந்தது. நர்ஸ் கைகொடுக்க, பின் சீட்டில் ஏறி, கட்டுக்காலை நீட்டி உட்கார்ந்துவிட்டாள்.

"எப்படிங்க இது மண்டி போடுது?"

"இதுல ஸ்பிரிங் கிடையாது. நாலு சக்கரத்துக்கும் கெட்டியான ரப்பர் பை. ஒரு பம்ப்பு அதுக்குக் காத்து அனுப்பும். வண்டி எவ்ளோ ஒசரத்துல நிக்குதுன்னு சக்கரத்துக்கு ஒரு சென்சார் கம்ப்யூட்டருக்குச் சொல்லிட்டே இருக்கும். கூட ஆள் ஏறி வண்டி தாழ்ந்தா, அது காத்தை ஏத்தி சரி பண்ணிடும்."

"அப்போ பள்ளத்துல வலிக்காதா?"

"கம்மியா வலிக்கும்" என்றேன். அதற்குமேல் உறுதி சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சேலையூர் தாண்டும்வரை குழிக்குக் குழி கண்ணாடியில் அவள் முகத்தையே பார்த்தேன். கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்தாள்.

சிட்லபாக்கத்தில் எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர். வண்டியை உயர்த்தி, மெல்ல ஊர்ந்து, மேடான எங்கள் வாசலில் நிறுத்தினேன். வீட்டைக் கண்ட சந்தோஷத்தில் அவள் உடனே கதவைத் திறந்துவிட்டாள். இறக்கும் பொத்தானை அழுத்தினேன், வண்டி அசையவில்லை. மறுபடி அழுத்தினேன். பொத்தானின் விளக்குதான் மினுங்கியது. சாருடைய வண்டியைக் கெடுத்துவிட்டேனோ என்று எனக்கு வியர்த்தது. பிறகுதான் நினைவு வந்தது: கதவு திறந்திருந்தால் அது இறங்காது.

"கதவைச் சாத்தும்மா."

சாத்தினாள். வண்டி இறங்கியது. ஆனால் அதற்குள் மழை வலுத்துவிட்டது.

"நீங்க இங்க பின்னாடி உக்காந்து பாத்திருக்கீங்களா?"

யோசித்தேன். தினமும் துடைத்திருக்கிறேன், உட்கார்ந்ததில்லை.

"வாங்க, மழை விடட்டும்."

தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஓடிப்போய் அவள் பக்கத்தில் ஒண்டினேன். மெத்தென்றுதான் இருந்தது.

"வசதியாத்தான் இருக்கு. ஆனா வழியெல்லாம் உங்க முதுகு மட்டும்தான் தெரிஞ்சுது" என்றாள்.

மழை விடும்வரை அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.