சந்தனம் பூசாத தலை

சென்ற ஆண்டு என் மனைவிக்கு மூன்றாம் முறை மருந்து ஏற்றிய பிறகு தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. கடல் கடந்து வாழும் எங்கள் மகன் அதைக் கேள்விப்பட்டுத் தன் தலையையும் மழித்துக்கொண்டு, சிரித்த முகத்தோடு ஒரு படம் எடுத்து அனுப்பினான். நோயுற்றவருக்குத் துணையாக அப்படிச் செய்வது அவன் இருக்கும் ஊரில் வழக்கமாம். மனைவி படத்தைக் கண்டு சிரித்தாள். பிறகு இரண்டு விரல்களால் அதைப் பெரிதாக்கி, நெற்றியையும் காதோரத்தையும் மாறி மாறி நகர்த்தி, வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் எதைப் பார்க்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. எழுந்து போய், ஏற்கெனவே மூடியிருந்த சன்னலை ஒருமுறை இழுத்துப் பார்த்தேன்.

எனக்கு அது எப்படித் தெரிந்தது என்பதை அவளிடம் நான் சொன்னதில்லை. இனிச் சொல்லவும் இயலாது. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

எனக்கு ஒன்பது வயது. இலங்கை மலையகத்தில், கொட்டகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், வரிசையாகப் பன்னிரண்டு காம்பராக்கள், அதாவது ஓரறை வீடுகள், கொண்ட ஒரு லயத்தில் நாங்கள் இருந்தோம். அப்பாவுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. அம்மா கொழுந்து பறித்தாள். கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டி ஆண்டுக்கணக்கில் சுமந்த பெண்களுக்கு உச்சியில் கயிறு தேய்த்த இடம் முடியின்றிப் பட்டையாகத் தெரியும். அம்மாவின் தலையில் அந்தப் பட்டை விழவில்லை. அவளுடைய கொண்டை அவ்வளவு அடர்த்தி. கூந்தலை அவிழ்த்து ஆற்றுகிற ஞாயிற்றுக்கிழமைகளில் லயத்துப் பெண்கள் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

அந்த ஆண்டு அவளுக்கு மார்பில் நோய் கண்டது. அதன் பெயரை என் முன்னால் யாரும் சொன்னதில்லை; கதவுக்கு அப்பால் சொன்னபோதும் குரலைத் தாழ்த்தியே சொன்னார்கள். சில வாரங்களுக்கு ஒருமுறை அப்பா அவளை ரயிலில் கொழும்புப் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்வார். அந்த நாட்களில் நான் அடுத்த காம்பராவில் இருந்த சின்னம்மாவிடம் விடப்படுவேன். அவள் அம்மாவின் தங்கை. அப்போது கைக்குழந்தைக்காரியாக இருந்ததால் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தாள்.

இரண்டாம் முறை போய் வந்தபின் அம்மா தலைத்துண்டை அவிழ்க்கவே இல்லை. குளிர் தாங்கவில்லை என்றாள். எங்கள் மலையில் அந்தக் காரணத்தை யாரும் சந்தேகிக்க முடியாது. அடுப்பு முன்னாலும் அது தலையில் இருந்தது, உறங்கும்போதும் இருந்தது. ஒரு விடியலில், நான் உறங்குவதாக நினைத்து அவள் அதை அவிழ்த்தாள். ஒரு கணம் வேறு யாரோ அம்மாவின் சேலையைக் கட்டிக்கொண்டு அடுப்பருகே உட்கார்ந்திருப்பதாக எண்ணினேன். அந்தத் தலையில் அங்குமிங்குமாகச் சில இழைகளே மீந்திருந்தன. துண்டில் ஒட்டியிருந்த முடியை அவள் ஒவ்வொன்றாக எடுத்துச் சுருட்டி, ஒரு பழைய பால்மா டின்னுக்குள் வைத்தாள். உதிர்ந்த முடி வேற்றாள் கையில் சேர்ந்தால் செய்வினைக்குப் பயன்படும் என்பது லயத்தில் எல்லோருக்கும் தெரியும்.

நான் பார்ப்பதை அவள் பார்த்துவிட்டாள். தலையை மூட அவசரப்படவில்லை.

“முத்துமாரிக்குக் குடுத்துட்டேன்டா. நோவு போனதும் அவளே திருப்பிக் குடுத்துருவா. யாருகிட்டயும் சொல்லிறாத.”

அம்மனுக்குக் கொடுத்த முடி டின்னில் எப்படி இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. வரக்கூடிய விடைக்குப் பயந்தேன். அன்றிலிருந்து அந்த டின் இருந்த மூலைக்கு முதுகைக் காட்டி என்னால் படுக்க முடியவில்லை.

மூன்றாம் முறை அவர்கள் ரயிலேறியபோது எனக்குள் ஒரு கணக்கு உருவாகியிருந்தது. ஒரு தலை முடியில் நோய் போகவில்லை என்றால், அம்மனுக்கு இன்னொரு தலை தேவைப்படலாம். அதோடு, இருட்டில் துண்டைக் கட்டிக்கொண்டு அம்மா தனியாக ஒளிந்திருப்பது எனக்குப் பொறுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை லயத்துக்கு வந்த தோட்டத்து நாவிதர் முன்னால் போய் உட்கார்ந்து, மொட்டை அடிக்கச் சொன்னேன். அவர் கத்தியை எடுக்கவில்லை.

“வெறும் மொட்ட அடிக்கக் கூடாது தம்பி. நேந்துக்கிட்டதுன்னா அப்பா வரட்டும், கோயில்ல வச்சு அடிச்சுச் சந்தனம் பூசி அனுப்புறேன். சந்தனம் இல்லாத மொட்ட, பெத்தவங்க போனா அடிக்கிறது.”

அதில் எனக்கு எட்டியது அவர் மறுத்தார் என்பது மட்டும்தான். மீதி எங்கோ உள்ளே போய்க் காத்திருந்தது.

அவர்கள் திரும்புவதாக இருந்தது ஒரு சனிக்கிழமை, பிற்பகல் ரயிலில். காலையில் சின்னம்மா தேங்காய் வாங்கிவரச் சொல்லி என்னைக் கொட்டகலைக் கடைத்தெருவுக்கு அனுப்பினாள். நான் தேங்காய்க் கடையைக் கடந்து, சிங்களவர் ஒருவர் நடத்திய சலூனுக்குள் நுழைந்தேன். பேன் தொல்லையா என்று அவர் சிங்களத்தில் கேட்டார். தலையை ஆட்டினேன். என் முடி வெள்ளைத் துணியில் விழுவதைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வேலை முடிந்ததும் அவர் பிடரியில் சிறிது பவுடர் தட்டி இறக்கிவிட்டார்.

வெறும் பையோடு மலையேறினேன். காற்று நேராகத் தலையோட்டில் பட்டது. அம்மாவுக்கும் இப்படித்தான் குளிர்கிறது போலும் என்று எண்ணிக்கொண்டதும் எனக்குச் சிறிது பெருமையாகக்கூட இருந்தது.

வழியோரச் சரிவில் எங்கள் லயத்துப் பெண்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒருத்தி பாதியில் பேச்சை நிறுத்தினாள். பிறகு வரிசை முழுவதும் கைகள் நின்றன. நான் அண்ணாந்து பார்த்தபோது அத்தனை முகங்களும் என் தலையைப் பார்த்திருந்தன. கங்காணி ஏன் நின்றீர்கள் என்று அதட்டி, திரும்பி என்னைப் பார்த்து, வழிவிட்டு ஒதுங்கினார்.

யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அத்தகைய செய்தியைச் சுமந்து வரும் பிள்ளையிடம் கேட்பது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. அவர்கள் கூடைகளைச் செடிகளுக்கிடையில் இறக்கி வைத்துவிட்டு வந்தார்கள். எங்களிடமிருந்து இரண்டாவது காம்பராவில் இருந்த பெரியம்மா, உறவில்லாவிட்டாலும் நாங்கள் அப்படி அழைத்த முதியவள், முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள். நான் அழவில்லையே, எதைத் துடைக்கிறாள் என்று வியந்தேன். இருபது பெண்கள் என்னை நடுவில் விட்டு நடந்தார்கள். என் நேர்த்திக்கடனுக்கு அவர்கள் மரியாதை செய்வதாக நினைத்தேன்.

லயத்து வாசலில் சின்னம்மா குழந்தைக்குச் சோறூட்டிக்கொண்டிருந்தாள். அழுத முகங்களோடு அவர்களையும், நடுவில் என் தலையையும் கண்டாள். சாவுச் செய்தி தந்தியில்தான் வரும். தந்தி வந்ததா என்று அவளும் கேட்கவில்லை. என் தலையே அவளுக்குத் தந்தியாகிவிட்டது.

“அக்கா, என்ன விட்டுட்டுப் போயிட்டியா,” என்று சொல்லி, நின்ற இடத்திலேயே உட்கார்ந்தாள்.

வழியில் இவர்களுக்குச் செய்தி வந்திருக்கிறது என்று அவள் நம்பினாள். வீட்டுக்குச் செய்தி வந்திருக்கிறது என்று அவர்கள் நம்பினார்கள். அவர்கள் எல்லோரையும் நான் நம்பினேன்.

அப்போதுதான் நாவிதர் சொன்ன சொற்கள் உள்ளேயிருந்து எழுந்து வந்தன. சந்தனம் இல்லாத மொட்டை. அம்மா இறந்ததால் நான் தலையை மழிக்கவில்லை. நான் தலையை மழித்ததால் அம்மா இறந்திருக்கிறாள். ஒன்பது வயதில் அதைவிடத் தெளிவாக எதையும் நான் அறிந்ததில்லை. கூட்டத்தின் இடுக்குகளில் புகுந்து சின்னம்மாவின் குசினிக்குள் ஓடி, விறகு அடுக்குக்குப் பின்னால் ஒடுங்கினேன்.

வெளியே ஒப்பாரி எழுந்தது. பெரியம்மாதான் முதலில் எடுத்தாள். அம்மாவின் கூந்தலைத்தான் பாடினாள்: கூடைக் கயிற்றுக்கும் தேயாத கூந்தல், அவிழ்த்தால் முழங்காலைத் தொடும் கூந்தல், இனி யார் எண்ணெய் வைத்து வாருவார்கள் என்று. அந்தக் கூந்தல் டின்னுக்குள் இருப்பது எனக்கு மட்டுமே தெரியும். அதைச் சொன்னால் இன்னும் என்ன நடக்குமோ என்று வாயைக் கையால் பொத்திக்கொண்டேன். பிறகு வைக்கோல் எரியும் வாசனை வந்தது. சாவு வீட்டில் அடிப்பதற்காகத் தப்பு மேளத்தை நெருப்பில் காய்ச்சுகிறார்கள். முதல் அடி விழுந்தபோது விறகுகளுக்கிடையே இருந்த தூசி அதிர்ந்தது.

ஒரே ஒரு வழி மிச்சமிருந்தது. இந்த மொட்டையைக் கோயில் மொட்டையாக மாற்றிவிட வேண்டும். குசினியில் சந்தனம் இல்லை. அம்மிக்குப் பக்கத்தில் மஞ்சள்தூள் இருந்தது. அதை அள்ளி, குடத்துத் தண்ணீரில் குழைத்து, நெற்றி முதல் பிடரிவரை பூசினேன். இது அந்த மொட்டை இல்லை, உனக்கு நேர்ந்துகொண்டது, தயவுசெய்து கணக்கை மாற்றிக்கொள் என்று முத்துமாரியிடம் சொன்னேன். பள்ளத்திலிருந்து ரயிலின் ஊதல் கேட்டது. அம்மாவை ஏற்றி வந்திருக்க வேண்டிய ரயில் அவளில்லாமல் வந்து நிற்கிறது என்று எண்ணி, மறுபடியும் பூசினேன்.

அடுத்து நடந்ததில் ஒரு பகுதியைப் பின்னாளில் அப்பா சொல்லித்தான் அறிந்தேன். அவர்கள் தொழிற்சாலை வளைவைத் திரும்பும்போது தப்பொலி கேட்டிருக்கிறது. அதுவரை பத்தடிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கிய அம்மா, யார் வீட்டுச் சாவோ, போய் உட்கார வேண்டும் என்று நடையை விரைவாக்கியிருக்கிறாள். பெரியம்மாவின் கணவர் நெடுநாளாகப் படுக்கையில் இருந்தார். அவராகத்தான் இருக்கும் என்று இருவரும் வழியில் பேசிக்கொண்டார்களாம்; லயத்தை நெருங்கியபோது ஒப்பாரியில் கூந்தல் என்ற சொல் காதில் விழுந்து குழம்பினார்களாம்.

வாசலில் அவளுடைய குரல் எனக்குக் கேட்டது.

“யாரு போனது?”

ஒப்பாரி அறுந்தது. தப்பு மட்டும் ஒருமுறை கூடுதலாக அடித்துவிட்டு நின்றது. விறகுகளின் இடைவெளியில் நான் பார்த்தேன். சின்னம்மா எழுந்து ஓடி அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அந்த வேகத்தில் தலைத்துண்டு சரிந்து மண்ணில் விழுந்தது.

அத்தனை பேரும் அந்தத் தலையைக் கண்டார்கள். வாரக்கணக்கில் குளிர் என்று சொல்லிக் காத்த தலை. சற்று முன்புவரை அதன் கூந்தலைப் பாடியவர்கள் எந்தப் பக்கம் பார்ப்பதென்று தெரியாமல் நின்றார்கள். அம்மா குனிந்து துண்டை எடுக்கவில்லை. நிலைமையை ஒவ்வொன்றாகப் புரிந்துகொண்டு, பெரியம்மாவின் பக்கம் திரும்பினாள்.

“நல்லாத்தான் பாடியிருக்கீங்க பெரியம்மா. வளைவு வரைக்கும் கேட்டுச்சு. முடியப் பத்துன எடத்த மட்டும் மாத்திருங்க.”

பெரியம்மா துண்டை எடுத்து மண்ணைத் தட்டினாள்.

“வாய மூடுடி. எனக்கு நீ பாடணும், ஒனக்கு நான் பாடுறதா,” என்று சொல்லி, அதை அவள் தலையில் தானே கட்டிவிட்டாள். யாரோ சிரித்தார்கள். அழுதுகொண்டே எல்லோரும் சிரித்தார்கள். செத்தவளுக்குத் தேத்தண்ணி வைக்கிற முதல் லயம் நம்ம லயந்தான் என்று ஒருத்தி அடுப்பை மூட்டப் போனாள்.

பிறகு செய்தி எங்கிருந்து வந்தது என்று விசாரணை தொடங்கியது. அது விரைவில் என் தலையில் வந்து முடிந்தது. அப்பா கூப்பிட்டார். மஞ்சள் வழிகிற தலையோடு வெளியே வந்தேன். அவர் கையை ஓங்கினார். அப்பா என்னை அடித்ததில்லை. அம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, ஏன் இப்படிச் செய்தாய் என்று என்னைக் கேட்டாள்.

“ஒனக்குத் தொணைக்கும்மா.”

அவள் வாசற்படியில் உட்கார்ந்து என்னை முழங்கால்களுக்கிடையில் நிறுத்தினாள். முந்தானையை நனைத்து மஞ்சளைத் துடைத்தெடுத்தாள். வெறும் தலை திரும்ப வந்தது. உள்ளங்கையை நெற்றியில் வைத்து உச்சி வழியாகப் பிடரிவரை மெல்ல இழுத்தாள். மோவாயைப் பிடித்து முகத்தை வெளிச்சத்தின் பக்கம் திருப்பினாள். பிறகு பார்த்தாள். பெண்கள் கூடைகளைத் தேடி மலைக்குத் திரும்பினார்கள். வைக்கோல் நெருப்பு அணைந்தது. பனிமூட்டம் லயத்துக்குள் இறங்கியது. அப்பா, குளிர்கிறது, உள்ளே வா என்றார்.

“இருங்க. பாத்துக்கிறேன்,” என்றாள்.

என் முடி சீப்பில் படியும் அளவுக்கு வளர்ந்திருந்தபோது தோட்டத்து நாவிதர் மறுபடியும் என் முன்னால் உட்கார்ந்தார். இம்முறை அப்பா பக்கத்தில் இருந்தார். நாவிதர் மறுக்கவில்லை. சந்தனமும் கொண்டு வரவில்லை.

தங்கள் பிள்ளை சந்தனம் பூசாத அந்தக் கோலத்தில் எப்படி இருப்பான் என்பதைத் தாய்மார்கள் காண்பதில்லை; காண அவர்கள் இருப்பதில்லை. அம்மா அன்று வாசற்படியில் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கோ மொட்டை அழகாக இருக்கிறது போலும், அதனால்தான் கண்ணெடுக்காமல் பார்க்கிறாள் என்று தோன்றியது. அவளுக்கு வசதியாக இருக்கட்டும் என்று தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பித் திருப்பிக் காட்டிக்கொண்டு நின்றேன்.