இருபத்தேழாவது சனிக்கிழமை

பேசின் என்கிற ஊரின் பிள்ளையார் கோவிலில் அர்ச்சனைக்கு நிற்கும்போது கௌரிசங்கர் வலது காதைத் தொட்டான். தோப்புக்கரணம் போடப்போகிறான் என்று பின்னால் நின்ற ஒருத்தி இடம்விட்டு ஒதுங்கினாள். அவன் குனியவில்லை. "பன்னிரண்டு" என்று சொல்லிவிட்டுக் கையைக் கீழே விட்டான்.

பப்புவா நியூகினிப் பாஷைகளை ஆராய்கிற பல்கலைக்கழக உத்தியோகம் அவனுக்கு. அங்கே ஒரு மலையில் நானூறு பேர் பேசுகிற பாஷையில் எண்ணுவது உடம்பிலேதான். வலது சின்னவிரல் ஒன்று. மணிக்கட்டு, முழங்கை, தோள் என்று ஏறிக் காதுக்கு வந்தால் பன்னிரண்டு. மூக்கு பதினான்கு. பிறகு மற்றப் பக்கத்தால் இறங்கி இடது சின்னவிரலில் இருபத்தேழு. அதோடு எண் முடிந்தது. இருபது வருடப் பழக்கம். கடையில் முட்டை வாங்கினாலும் தோளைத் தொடுவான்.

இப்போது அவன் எண்ணுவது சனிக்கிழமைகளை. தொண்ணூறு வருடத்துக்கு முன் ஒரு ஜெர்மன் பாதிரியார் அந்தப் பாஷைச் சொற்களைக் கொப்பியில் எழுதி, பலவற்றுக்குப் பொருள் எழுதுமுன்பே காய்ச்சலில் செத்துப்போனாராம். அந்தப் பொருள் தெரிந்த ஒரே ஆள் தாமக் என்கிற கிழவர். சனிக்கிழமை பத்து மணிக்கு அவர் போனோடு சிக்னல் கிடைக்கிற உச்சிக்கு ஏறுவார். இவன் ரோவில் என்கிற ஊரில் தன் வீட்டுக் குசினி மேசையில் இருந்து ஐந்து சொல் கேட்பான். நாற்பது சொல் மிச்சம் இருக்கும்போது போன் எடுபடாமல் போயிற்று. அன்றிலிருந்துதான் இந்த எண்ணிக்கை.

அவனுடைய தாயும் நானும் ஒன்றுவிட்ட சகோதரிகள். பெரியம்மா முறையான என்னை அன்ரி என்பான். ஆனால் தாமக்கின் பூட்டனுக்கு எத்தனை பெண்சாதி என்று பெயரோடு சொல்வான்.

"சொந்தத் தனபால மாமா செத்தது இவருக்கு முப்பத்தொண்டாம் நாள் சடங்கு முடிஞ்சாப் பிறகுதான் தெரியும்," என்பாள் அவன் மனைவி மயூரா. "அங்க கிழவனுக்குத் தடிமன் எண்டா இஞ்ச இவருக்குக் காய்ச்சல்."

மூக்குக் கிழமையில் மூன்று பேர் அவனுக்கு டிஷ்யூ நீட்டினார்கள். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டான்.

அந்தச் சொற்களைப் புத்தகமாக அச்சடிக்கிறவர்கள் நெருக்கினார்கள். "இடது சின்னவிரல் வரைக்கும் பொறுப்பம், அன்ரி. அதுக்குள்ள மனிசன் எடுக்காட்டி நாப்பதையும் வெறுமையா விட்டுட்டு, முதல் பக்கத்தில காலஞ்சென்ற தாமக் எண்டு போடுறன்," என்றான். பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னான்.

போன சனிக்கிழமை நான் அவர்கள் குசினியில் இருந்தேன். மயூரா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். பத்து மணிக்கு எண்ணை அழுத்தினான். தொடர்பு இல்லை என்று ஒரு பெண்குரல் இங்கிலிஷில் சொன்னது. இன்னொருமுறை அழுத்தினான். அதே பெண். இடது சின்னவிரலைத் தொட்டுவிட்டுக் கம்ப்யூட்டரை இழுத்து முதல் பக்கத்தைத் திறந்தான்.

"அங்க மழையாக்கும்," என்றாள் மயூரா.

"ஆறு மாசமாவோ?"

"ஓம். மலையெல்லே."

"இருபத்தேழுக்கு மேல எண் இல்லை, மயூரா."

"மேல போகச் சொல்லி ஆர் உங்களுக்குச் சொன்னது?"

மீன் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வந்தாள். கம்ப்யூட்டரில் இருந்த அவனுடைய வலக்கையை எடுத்து, சின்னவிரலைப் பிடித்து ஒருமுறை அழுத்திவிட்டு, மீனுக்குத் திரும்பினாள்.