எந்த வீட்டுக் கரப்பான்

எங்கள் அக்கா போய் இன்றோடு ஓராண்டு. அவரை அறிந்தவர்களுக்கு இந்த நினைவு மலரைத் தருகிறோம். அறிந்தும் வாய் திறக்காதவர்களும் படிக்கட்டும்.

அக்கா பிறந்தது திருமுல்லைவாயில். கைக்குழந்தைப் பருவத்திலேயே முழங்கை மடிப்பிலும் முழங்கால் மடிப்பிலும் அரிப்பெடுக்கும் கரப்பான் புண். பள்ளிக்குப் போகும் வயதில் தோல் சற்று ஆறியது, நெஞ்சில் இழுப்பு பிடித்துக்கொண்டது. அந்த இழுப்போடுதான் தம்பி தங்கைகளான எங்களைக் குளிப்பாட்டிச் சோறூட்டினார்.

பெண் பார்க்க வருகிறவர்களிடம் இதை மறைக்க முடியாது என்று, அப்பா தம் அக்கா மகனுக்கே கொடுத்தார். "சொந்தத்துல குடுத்தா சொல்லிக் காட்ட மாட்டாங்க" என்றார். அப்பாவுக்கும் மழைக்காலத்தில் இழுப்பு வரும். கூடப் பிறந்த அத்தைக்கு அது தெரியாதா?

அத்தானின் ஆவடி குவார்ட்டர்ஸில் அக்காவுக்குப் பெண் பிறந்தது. சில மாதங்களில் அதற்கும் கன்னமெல்லாம் கரப்பான்.

"உன் ஆத்தா ஊட்டுச் சீக்கு. எம் புள்ள தலைல கட்டிட்டாங்க" என்றார் அத்தை.

அம்பத்தூர் டாக்டர் அவரிடமே சொன்னார்: "இது அப்பா வழியிலயும் வரும், அம்மா வழியிலயும் வரும். நீங்க சொந்தத்துலயே கட்டியிருக்கீங்க. யாரைக் குத்தம் சொல்றது?"

"எங்க பரம்பரைல கெடையாது" என்றார் அத்தை. பக்கத்தில் நின்ற அப்பா வாயைத் திறக்கவில்லை. அந்த வாரமே அக்காவையும் குழந்தையையும் எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டுப் போனார்கள்.

அத்தான் குத்தம்பாக்கத்தில் நோய் நொடி இல்லாத குடும்பமாகத் தேடி இரண்டாவது கட்டிக்கொண்டார். அக்கா யாரையும் திட்டவில்லை. தம் இரத்தம்தான் கெட்டது என்று அவரே நம்பிவிட்டார். மகள் சொறிந்துகொள்ளும்போதெல்லாம், "என்னாலதான்டி உனக்கு" என்று அழுவார். போன ஐப்பசி மழையில் இழுப்பு அடங்காமல் அவர் உயிர் போனது.

சாவுக்கு அத்தானின் இரண்டாம் மனைவி இடுப்பில் மகனோடு வந்திருந்தார். என்னைத் தனியே அழைத்தார்.

"அக்கா இன்னா மருந்து போட்டுகினு இருந்தாங்க? இவனுக்கும் முழங்கைல அப்டியே கீது. எங்கம்மா ஊட்டுச் சீக்குன்னு மாமியார் பேசிகினே கீறாங்க."

அந்தப் பிள்ளையின் புண்ணைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை எழுத எனக்கு வெட்கமில்லை.

இழுப்பு வந்தபோதெல்லாம் அக்காவைச் சைக்கிளில் வைத்து டாக்டரிடம் கொண்டுபோன பக்கத்து வீட்டு அண்ணனுக்கும், தோள் கொடுத்தவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. மருந்து கேட்ட அந்த இரண்டாம் மனைவிக்கும் நன்றி. அவர் ஒரு நாள் முன்னால் வந்து இதைக் கேட்டிருந்தால், எங்கள் அக்கா பெற்ற மகளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே செத்திருக்க மாட்டார்.