அக்கிக்கு எடுத்த ரத்தம்

எழுபதுகளின் நடுவில், பல்கலைக்கழகப் பரீட்சை நெருங்கிய நேரத்தில், என் மகளுக்கு இடுப்பில் அக்கி வந்தது. முதுகெலும்பின் அருகே தொடங்கிய கொப்புளங்கள் வயிற்றை நோக்கி நகர்ந்தன. நாற்காலியில் சாய முடியாது. துணி உரசினாலே துடித்துப்போவாள். குடும்ப டாக்டர் வலி மாத்திரை கொடுத்துப் பொறுத்திருக்கச் சொன்னார். சிலருக்குப் புண் ஆறிய பிறகும் வலி மாதக்கணக்கில் நிற்கும் என்றார். எனக்கு அது மட்டுமே காதில் நின்றது.

அக்கி இடுப்பைச் சுற்றிவந்து தலையும் வாலும் தொட்டால் ஆபத்து என்பது என் மனைவியின் ஊர் நம்பிக்கை. அங்கே குயவர் புண்ணின் மேல் காவியால் சிங்கம் வரைவார்; அக்கி எழுதுவது என்பார்கள். கடல் கடந்து நாங்கள் குடியேறியிருந்த வெக்ஸ்போர்டில் குயவருக்கு எங்கே போவது? கோலத்துக்கென்று மெட்ராஸிலிருந்து கொண்டுவந்த காவிக்கட்டியைக் குழைத்து, கொப்புளங்களின் மேல் மனைவியே ஒரு சிங்கம் வரைந்தாள்.

மகள் கண்ணாடியில் திரும்பிப் பார்த்தாள். "சிங்கமா இது? பூனை மாதிரி இருக்கும்மா."

"வாயாடாம நில்லுடி. காயட்டும்."

வலி அடங்கவில்லை. அலுவலகத்துச் சீன நண்பர், ஸ்படைனா தெருவில் ஒரு சீன வைத்தியரைச் சொன்னார். ஊசியால் குத்திக் கெட்ட ரத்தத்தை எடுப்பாராம். படித்தவன்தான் நான். ஆனாலும் மூவருமாகப் போனோம்.

சட்டையைத் தூக்கியதும் வைத்தியர் திகைத்தார். காவிக்கு அடியில் அக்கி எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. ஈரப் பஞ்சால் மெதுவாகத் துடைத்தார். ஒவ்வொரு தொடுகைக்கும் மகள் என் கையை நெரித்தாள். மனைவி தலை குனிந்து நின்றாள். அவர் அவளிடம் ஆங்கிலத்தில் சொன்னார்: "எங்கள் ஊரிலும் எழுதுவார்கள். கறுப்பு மையால்."

பிறகு ஸ்பிரிட்டில் துடைத்த ஊசியால் கொப்புளங்களின் ஓரமாகக் குத்தி, நெருப்பில் காட்டிய கண்ணாடிக் குப்பியை அவற்றின் மேல் கவிழ்த்தார். கருஞ்சிவப்பாக ரத்தம் ஏறியது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"அப்பா, நீங்க வெளியே போய் உக்காருங்க. உங்களுக்கும் சேத்து என்னால பயப்பட முடியாது."

வலி குறைந்தது ஊசியால் அல்ல, தானாகவே தணியும் நேரம் அது என்று குடும்ப டாக்டர் பின்னர் சொன்னார். காவிதான் என்கிறாள் மனைவி. எனக்குத் தெரியாது. இன்றும் மகள் தன் இடுப்பில் கை வைத்தால், வலிக்கிறதா என்று கேட்டுவிடுகிறேன். நான் கண்டது இவ்வளவே: அன்று வீடு திரும்பும் பஸ்ஸில் முன்னால் குனிந்தே உட்கார்ந்திருந்தவள், மெல்ல இருக்கையில் சாய்ந்து பார்த்தாள். மறுபடியும் நன்றாகச் சாய்ந்தாள். தூங்கிப்போனாள்.

எங்கள் நிறுத்தம் வந்ததும் மனைவி எழுந்தாள்.

"உக்காரு," என்றேன்.

பஸ் எங்கள் தெருவைத் தாண்டிப் போனது.