பைபாஸ் சேர்வதற்குள்

காசிமாயன் எலக்ட்ரீஷியன்தான். ஆனால் கரண்ட் என்றால் அவனுக்குக் குலை நடுங்கும். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, மங்கலம் ரோட்டுச் சாயப்பட்டறையில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்தே இப்படித்தான். மெயினை அணைத்த பிறகும் டெஸ்டரை வைத்து வைத்துப் பார்ப்பான். கேலி பேசுகிறவர்கள் பேசட்டும். அவன் மூடிய ஸ்விட்ச் பெட்டியில் பட்டனை அமுக்குவது அவன் மனைவி ஒச்சாயியின் விரல். கழிவுநீர்த் தொட்டி மோட்டார்களை அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். பயப்படாமல் என்ன செய்வான்?

அன்று தொட்டிக்குக் காற்றடிக்கும் பெரிய புளோயருக்குப் புது சாஃப்ட் ஸ்டார்ட்டர் மாட்டினான். அது மோட்டாரை மெல்ல மெல்ல வேகமேற்றும். முழு வேகம் வந்ததும் பைபாஸ் சேர்ந்து, கரண்ட் நேர்வழியில் போகும். முதலில் பைபாஸ் இல்லாமல் ஓட்டிப் பார்த்தபோது புளோயர் எதிர்ப்பக்கமாகச் சுற்றியது. இந்த ஊரில் அதற்கு யாரும் அலட்டிக்கொள்வதில்லை. ரெண்டு ஒயரை மாற்றிப் போட்டால் தீர்ந்தது.

மாற்ற வேண்டிய இடம் மோட்டார். அதன் மூடியோ துருவேறி இறுகிக் கிடந்தது.

"காசி, தொட்டி ரொம்பீட்டிருக்குதுங்க, வெரசாப் பாருங்க" என்று சூப்பர்வைசர் செந்தில்வேல் வேறு தலைமேல் நின்றார்.

காசிமாயன் ஸ்டார்ட்டரிலிருந்து வெளியே வரும் ஒயர்களையே மாற்றினான். புளோயர் சரியாகச் சுற்றியது. பைபாஸையும் இணைத்துவிட்டு, கேட்டருகே டீ குடிக்கப் போனான்.

முதல் வாய் டீ குடிக்கும்போதுதான் அவனுக்கு உறைத்தது. பைபாஸை மட்டும் பழைய வரிசையிலேயே இணைத்திருக்கிறான்! அது சேர்ந்த கணமே ரெண்டு ஃபேஸும் முட்டிக்கொள்ளும், பெட்டி வெடிக்கும். ஓவர்லோடு ரிலே மோட்டாரைத்தான் காப்பாற்றும், எதிரே நிற்பவளைக் காப்பாற்றாது.

உள்ளே புளோயர் முனகத் தொடங்கியது. செந்தில்வேல் ஒச்சாயியைப் போடச் சொல்லியிருப்பார்.

"ஒச்சாயி, தள்ளிப் போ!"

அந்த மெஷின் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? முனகல் ஏறிக்கொண்டே போனது. கேட்டை ஒட்டிய மெயின் அறைக்குள் விழுந்தடித்து ஓடி, பட்டறை முழுவதற்குமான கைப்பிடியைக் கீழே இழுத்தான்.

எல்லா மெஷினும் நின்றது.

"ஏனுங்க, துணியெல்லாம் உள்ளுக்குள்ள கெடக்குது, என்ன பண்றீங்க?" என்று செந்தில்வேல் கத்திக்கொண்டு வந்தார். அவரைத் தாண்டித் தொட்டிப் பக்கம் ஓடினான் காசிமாயன். ஒச்சாயி பெட்டிக் கதவில் தோளைச் சாய்த்து நின்றிருந்தாள். நடந்ததை அவளிடம் உளறிக் கொட்டினான்.

"இம்புட்டுக் கிட்டவா நிப்ப?" என்று கேட்டான்.

"மத்தவுக மாட்டுனதுன்னா எட்ட நின்னு கம்பால அமுக்குவேன்" என்றாள் ஒச்சாயி. "இது நீ மாட்டுனதுய்யா."