சீதனத்தோடு வந்தவளின் பெயர்

மெழுகு பூசிய காகிதக் கப்பில் சுடச்சுடத் தேத்தண்ணி ஊற்றினால் ஒரு வாசம் எழும்பும். ஏலக்காய் தட்டிப் போட்டாலும் சரி, இஞ்சி போட்டாலும் சரி, அந்தக் கடதாசி வாசம் மட்டும் போகவே போகாது. சின்ன வயதில் எனக்கு அதுதான் சனிக்கிழமையின் வாசம். நியூசிலாந்தின் ஓக்லாந்தில், மங்கரே விமான நிலையத்தில் சரக்கு ஏற்றி இறக்கிக்கொண்டிருந்த அப்பா சனிக்கிழமையில் மட்டும் காரைக் கழுவி, தலைக்கு எண்ணெய் வைத்து, அம்மாவையும் என்னையும் ஏற்றிக்கொண்டு சான்ட்ரிங்ஹாமுக்குப் போவார். அங்கே இந்தியன் கடைகளில் அரிசியும் பருப்பும் வாங்கி முடிந்ததும், கடைத்தெருவுக்குப் பின்னாலிருந்த ஒரு செங்கல் வீட்டுக்குப் போவோம். அந்த வீட்டுக்காரர் எங்கள் ஊர்க்காரர். அவரும் அவருடைய மனைவியும் பிள்ளைகளும் பூப்போட்ட பீங்கான் கப்பில் தேத்தண்ணி குடிப்பார்கள், எங்களுக்கு மட்டும் காகிதக் கப் வரும்.

அதை நான் பெரிய மரியாதை என்று நினைத்திருந்தேன். பிறந்தநாள் கொண்டாட்டங்களில் மிஞ்சிய கப்புகள் அவை, நட்சத்திரமும் பலூனும் போட்டவை, பீங்கானைவிட எவ்வளவு வடிவு! அம்மாதான் காரில் ஏறியதும் பொரியத் தொடங்குவா. "எங்கட வாய் பட்டதை ஆர் கழுவுறது எண்டுதான் அந்தக் கப். விளங்காத மாதிரி இருக்கிறியள்." அப்பா கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே "சும்மா இரும்" என்பார்.

அந்த வீட்டுக்காரரை அப்பா "நயினார்" என்று கூப்பிடுவார். அது அவருடைய பெயர் என்று எண்ணி நானும் "நயினார் அங்கிள்" என்றே கூப்பிட்டேன், ஒருவரும் திருத்தவில்லை, அவருக்கும் அதில் ஒரு குறையும் இருந்ததாகத் தெரியவில்லை. யாழ்ப்பாணத்தில் எங்கள் பக்கத்தில், நிலத்தில் பாடுபடுகிறவர்கள் நிலத்துக்குச் சொந்தக்காரரைக் கூப்பிடும் முறை அது என்றும், அவர் பெண்சாதி "நாச்சியார்" என்றும் எனக்குத் தெரியவந்தபோது நான் உயர்தரப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு கொத்துக் கறிவேப்பிலையைக்கூட உள்ளே விடாமல் பிடுங்கிக் குப்பையில் போடுகிற இந்த ஊர் விமான நிலையச் சோதனைக்காரர்கள், இந்தச் சொல்லை மட்டும் எப்படி விட்டார்களோ, எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

இனி நடந்ததைச் சொல்கிறேன். ஆரம்பப் பள்ளியில் எங்கள் வகுப்பு ஆசிரியை ஒரு மாவோரிப் பெண். இந்த நாட்டின் பூர்வகுடிகளான மாவோரி மக்கள் சபையில் தங்களை அறிமுகம் செய்வதற்கு ஒரு முறை வைத்திருக்கிறார்கள், அதற்குப் "பெபெஹா" என்று பெயர். முதலில் எங்கள் மலை இது, பிறகு எங்கள் ஆறு இது, பிறகு எங்கள் முன்னோர் இவர் என்று சொல்லி, கடைசியில்தான் தன் பெயரைச் சொல்ல வேண்டும். எல்லோரும் வீட்டில் கேட்டுக்கொண்டு வாருங்கள் என்றார் ஆசிரியை. வகுப்பில் சமோவாப் பிள்ளைகளும் தொங்காப் பிள்ளைகளும் தாத்தாவின் தாத்தா வரைக்கும் மூச்சுவிடாமல் ஒப்பிக்கக்கூடியவர்கள். நானும் வீட்டுக்கு ஓடினேன்.

அப்பா வேலை முடிந்து வந்து சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "அப்பா, எங்கட மலை எது?"

"யாழ்ப்பாணத்தில மலை எங்க பிள்ளை கிடக்கு? கறையான் புத்துத்தான் கிடக்கு."

"அப்ப ஆறு?"

"மாரி மழைக்கு வெள்ளம் தெரு ஒழுங்கையால ஓடும். அதை எழுது."

அம்மா விழுந்து விழுந்து சிரித்தா. நானும் சிரித்தேன். பிறகு, "எங்கட முதல் ஆள் ஆர் அப்பா?" என்று கேட்டேன். அப்பா சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். "வேலாயுதர் எண்டு சொல்லு. பெரிய மனிசன். ஊரில குளம் வெட்டினவர்" என்றார். அம்மாவின் சிரிப்பு நின்றது. எழும்பிக் குசினிக்குள் போனவ, அதற்குப் பிறகு சாப்பிட வரவில்லை.

வேலாயுதரை நான் பாடமாக்கினேன். வகுப்பில் மலையில்லாமலும் ஆறில்லாமலும், குளம் வெட்டிய பாட்டனாரோடு மட்டும் எழும்பி நின்று சொன்னேன், பிள்ளைகள் கைதட்டினார்கள். சொன்னதில் எனக்கு நெஞ்செல்லாம் நிறைந்திருந்தது. அந்தச் சனிக்கிழமை செங்கல் வீட்டில், ஒருவரும் கேட்காமலே, விருந்தறை நடுவில் நின்று நயினார் அங்கிளுக்கும் அதைச் சொல்லிக் காட்டினேன்.

வாய்க்குக் கிட்டக் கொண்டுபோன கப் அப்படியே நிற்க, என்னைப் பார்த்தார். பிறகு தொடையில் தட்டிச் சிரிக்கத் தொடங்கினார். "இஞ்ச வாரும், இஞ்ச வாரும், இந்தப் புதினத்தைக் கேளும்! எங்கட வேலாயுதர் இவளுக்குப் பாட்டனாம்!" சுவரில் தொங்கிய தலைப்பாகைக்காரரின் படத்தைக் கையால் காட்டினார். பிள்ளைகள் சிரித்தார்கள். நாச்சியார் மட்டும் சிரிக்கவில்லை. "ஆர் சொல்லிக் குடுத்தது?" என்று அப்பாவைப் பார்த்துக் கேட்டா.

அப்பாவும் சிரித்தார். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. இரண்டு கையையும் பிசைந்துகொண்டு, "குழந்தைப்பிள்ளை, நாச்சியார், தெரியாமச் சொல்லிப்போட்டுது" என்று சிரித்தார். எனக்குத் தெரியாதாம்! சொல்லித் தந்தவர் முன்னால் நிற்கிறார், தெரியாதது எனக்காம். மங்கரேயில் எங்கள் வீட்டுக்குத் திரும்பும்போது அம்மா ஒரேயொரு கேள்விதான் கேட்டா: "உங்கட ஆக்கள்ர பேர் ஒண்டுகூட உங்கட வாயில வராதோ?" அடுத்த கிழமையிலிருந்து அம்மாவும் நானும் போகவில்லை. அப்பா மட்டும் தனியே போய் அவர்கள் வீட்டுப் புல்லை வெட்டிக் கொடுத்துவிட்டு வந்தார்.

மிச்சத்தை அம்மா கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னா. ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாணத்தில் மனிதரை விற்றிருக்கிறார்கள், வாங்கியிருக்கிறார்கள், காணியோடும் மாட்டோடும் சேர்த்து மகளுக்குச் சீதனமாகக் கொடுத்திருக்கிறார்கள். அப்படி விற்கப்பட்டவர்களுக்குச் "சிறை" என்று பெயர். பிறகு வந்த இங்கிலீசுக்காரன் சட்டம் போட்டு நிறுத்தினான், ஊர் வழக்கம் நிற்கவில்லை. வேலாயுதர் வீட்டுக்கு மருமகளாக வந்த ஒருத்தியோடு சீதனத்தில் வந்த ஒரு சிறுமியின் வழியில்தான் அப்பாவின் ஆட்கள் எல்லோரும். அந்தப் பிள்ளையின் பெயர் என்ன? எனக்கு வேண்டியது அவ்வளவுதான், அந்த ஒரு பெயர்.

கேட்காத இடமில்லை. பழைய ஆவணங்களைத் தேடினால் உடையவரின் பெயர் பட்டம் பதவியோடு நீளமாக இருக்கிறது, மனிதர் வரவேண்டிய இடத்தில் "பெண், ஒன்று" என்று இருக்கிறது. கனடாவிலிருக்கும் அப்பாவின் ஒன்றுவிட்ட தங்கை, "ஏன் பிள்ளை கிளறுறாய், நாளைக்கு உங்கட பிள்ளையளுக்குக் கலியாணம் பேசவேண்டாமோ?" என்று போனை வைத்துவிட்டா. இங்கே தமிழ்ச் சனத்திடம் கேட்டால் "இப்ப ஆர் உதெல்லாம் பாக்கினம்?" என்கிறார்கள். அப்படிச் சொல்கிறவர்தான் புதிதாக ஒருவரைக் கண்டால், தேத்தண்ணி ஆறுமுன்னம் "ஊரில எவடம்?" என்று கேட்டு, எவடம் என்று தெரிந்தால் எந்த ஒழுங்கை என்றும் கேட்டு, ஆளை அளந்துவிட்டுத்தான் மற்றக் கதைக்குப் போகிறவர். பாராதவர்களுக்கு ஒழுங்கை எதற்காம்? அப்பாவைக் கேட்டால், "விடு பிள்ளை" என்று எழும்பிப் போய்விடுவார். எனக்கு வரும் கோபத்துக்கு அளவில்லை. தெரிந்துகொண்டே மறைக்கிறார், வெட்கப்படுகிறார் என்று வருசக்கணக்காக அவரோடு மல்லுக்கட்டினேன்.

கடைசியில், அப்பாவிடம் சொல்லிவிட்டே, நயினாரிடம் போனேன். முதியோர் இல்லத்தில் இருந்தார். நடக்க இயலாது, நினைவு மட்டும் கத்தி மாதிரி. என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டு, "இருந்திட்டுப் போ பிள்ளை, என்னோட தமிழ் கதைக்க ஒருத்தருமில்லை" என்றார். பாவமாகத்தான் இருந்தது. கேட்டேன். அவருக்குச் சந்தோசம் தாங்கவில்லை. தன் வம்சக் கதையைக் கேட்க இந்தக் காலத்தில் யார் வருகிறார்கள்? சீதனமாக வந்த காணிகளைப் பேர் பேராகச் சொன்னார். ஆலடி வயல், கொட்டுக்கிணற்று வளவு, பனங்கூடல். பிறகு பசுக்கள் இரண்டு, ஒன்று செங்காரி, மற்றது வெள்ளைச்சி.

"அதோட ஒரு பெட்டைப் பிள்ளை" என்று முடித்தார்.

"அவளின்ர பேர்?"

"ஆற்ற பேர்?"

"அந்தப் பெட்டையின்ர பேர்."

உண்மையாகவே யோசித்தார். நெற்றியைத் தடவிக்கொண்டு கனநேரம் யோசித்தார். "பேர் எண்டு... பெட்டை எண்டுதான் கூப்பிட்டதாம். ஆனா எங்கட ஆக்கள் அவளை நல்லா வச்சிருந்தவை, பிள்ளை. அதை நீ அறிய வேணும்."

"மாட்டின்ர பேர் ஞாபகம் கிடக்கே!"

"செங்காரியோ? அது நல்ல கறவையல்லோ" என்றார், மனம் நோகாமல், அன்பாக.

கத்தியிருக்கலாம். படுக்கையில் கிடக்கிற கிழவரிடம் கத்தி என்ன கிடைக்கப்போகிறது? போர்வையை இழுத்துவிட்டு வந்தேன். வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு, இன்றைக்கு அப்பாவை ஒரு கை பார்ப்பது என்ற முடிவோடுதான் வந்தேன். அப்பா வாசலிலேயே நின்றார். முகம் மழித்து, மடிப்புக் கலையாத சேட் போட்டிருந்தார். நான் செருப்பைக் கழற்றுமுன்னமே கேட்டார்.

"சொன்னவரோ? அவளுக்கு என்ன பேராம்?"

"உங்களுக்குத் தெரியாதோ அப்பா?"

"என்ர அப்புவைக் கேட்டனான். அவருக்கும் தெரியாது. அவர் தன்ர அப்புவைக் கேட்டு அடி வாங்கினவராம்." நிலத்தைப் பார்த்தார். "நீ அண்டைக்குப் பள்ளிக்கூடத்தில எல்லாப் பிள்ளையளுக்கும் முன்னால ஒரு பேருமில்லாமல் நிப்பாய் எண்டுதான், எனக்குத் தெரிஞ்ச ஒரு பேரைச் சொல்லித் தந்தனான்."

போன குளிர்காலத்தில் நயினார் செத்துப்போனார். அந்தச் செங்கல் வீட்டை இடித்துவிட்டு வரிசை வீடுகள் கட்டுகிறார்கள்; எங்கள் ஊரில் அந்த வளவுகளும் போருக்குப் பிறகு கைமாறிவிட்டன, ஆலடி வயலை இப்போது யாரும் அந்தப் பேரால் சொல்வதில்லையாம். அப்பாவுக்குக் காது மந்தமாகிவிட்டது. நான் வேலையால் வந்து இருந்ததும் பக்கத்தில் வந்து குந்திக்கொண்டு, "வேற ஆரும் தெரிஞ்ச ஆக்கள் இருப்பினமோ பிள்ளை?" என்று கேட்பார்.

இல்லை அப்பா, ஒருத்தருமில்லை என்று நான் சத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, இரண்டு மூன்று தரம், அவருக்குக் கேட்கும்வரைக்கும்.