புதுப் பூட்டு

எனக்கென்று ஒரு வீட்டுச் சாவி கிடைத்தபோது எனக்கு வயது பத்து. அதற்கு முன் இரண்டு வருடங்களாக அதைக் கேட்டு நச்சரித்துக்கொண்டிருந்தேன்.

குன்னூரிலிருந்து கோத்தகிரி போகும் பாதையில் ஒரு தேயிலை எஸ்டேட். எட்டு வீடுகள் ஒட்டி நிற்கும் லயனில் கடைசி வீடு எங்களுடையது. அப்பா பேக்டரியில் மிஷின் பழுது பார்க்கும் பிட்டர். அம்மா கொழுந்து பறிக்கப் போவாள். நாலு மணிக்கு நான் பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது இருவருமே வீட்டில் இருக்க மாட்டார்கள். பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒரு சாவி கொடுத்து வைத்திருந்தோம். அதை வாங்கிக் கதவைத் திறந்துவிட்டு உடனே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

காரணம் இருந்தது. எட்டு வயதில் ஒருமுறை அம்மா என்னை நம்பித் தன் சாவியைக் கொடுத்தாள். நான் அதைத் தேயிலைச் செடிகளுக்குள் எங்கேயோ தொலைத்துவிட்டு வந்தேன். அப்பா பூட்டை உடைத்தார். தொலைத்தது நான், ஏச்சு விழுந்தது அம்மாவுக்கு. அதன் பிறகு எங்கள் வீட்டில் சாவி என்ற பேச்சு வந்தாலே எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

அந்த வருடம் ஓவேலியில் அம்மாவின் அப்பா வழுக்கி விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டார். தகவல் வந்ததும் அம்மா பையை எடுத்துத் துணியை அடுக்கினாள். அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. அம்மா வீட்டு ஆட்களோடு அவருக்கு ஏதோ பழைய மனத்தாங்கல். வாசலில் நின்றபடியே சொன்னார்.

“போறதுன்னா போய்க்க. திரும்பி வர்றதப் பத்தி அப்பறம் பாத்துக்கலாம்.”

அம்மா பையைத் தோளில் மாட்டினாள். என் தலையை மட்டும் தடவி, “ரெண்டு நாள்ல வந்துர்றேன் சாமி” என்று சொல்லிவிட்டுக் காலை பஸ்ஸில் போய்விட்டாள்.

இரண்டு நாள் நாலு நாளாயிற்று, நாலு நாள் எட்டாயிற்று. அம்மா போன் செய்தால் அப்பா எடுப்பதில்லை. கீழ் லயனிலிருந்து அத்தை, அப்பாவின் அக்கா, எங்களுக்குச் சமைத்துப் போட வந்தாள். நன்றாகச் சமைப்பாள் என்று சொல்ல முடியாது. சமைக்கும்போது நன்றாகப் பேசுவாள். “பெத்த புள்ளைய உட்டுட்டுப் போனவளுக்கு ஊடு எதுக்கு, வாசல் எதுக்கு?” என்று அடுப்பைப் பார்த்துக் கேட்பாள். அடுப்பு பதில் சொல்லாது. நான் கேட்டுக்கொண்டிருப்பேன். நாளாக ஆக எனக்கும் அம்மாவின் மேல் கோபம் வந்தது. என்னையும் கூட்டிப் போயிருக்கலாம் அல்லவா?

ஒன்பதாம் நாள் அப்பா குன்னூர் பஜாரிலிருந்து புதுப் பூட்டு வாங்கி வந்தார். அதற்கு மூன்று சாவிகள். ஒன்றைத் தானே வைத்துக்கொண்டார். ஒன்றை அத்தையிடம் கொடுத்தார். மூன்றாவதைச் சிவப்புக் கயிற்றில் கோத்து என் கழுத்தில் மாட்டினார்.

“பெரிய புள்ளையாயிட்ட. இனிமே உன்ற சாவி உன்ற கிட்ட. யாரு கேட்டாலும் குடுக்கக் கூடாது. யாருக்கும் தொறந்து உடவும் கூடாது.”

“அம்மா வந்தா?”

“அம்மா வந்தா அப்பாகிட்டப் பேசிக்குவா.”

அன்று இரவு சாவியோடுதான் தூங்கினேன். அது நெஞ்சில் சில்லென்று பட்டது. மறுநாள் வகுப்பில் எல்லோருக்கும் காட்டினேன்.

பதினோராம் நாள் அம்மா வந்தாள். நான் பள்ளிக்கூடத்திலிருந்து மேட்டில் ஏறி வரும்போதே தெரிந்தது. மூட்டமாக இருந்தது, தூறலும் போட்டது. அம்மா பையைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து பூட்டில் பழைய சாவியை விட்டுத் திருகிக்கொண்டிருந்தாள். எடுத்து முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடியும் விட்டாள்.

“அது சேராதும்மா. இது புதுப் பூட்டு” என்றேன். அவளுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருந்ததில் பெருமை.

அம்மா நிமிர்ந்தாள். பூட்டைக் கையில் ஏந்தித் திருப்பிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

“சாவி யாருகிட்ட இருக்குது?”

நான் ஸ்வெட்டருக்குள்ளிருந்து கயிற்றை இழுத்துக் காட்டினேன்.

“தொற சாமி. பஸ்ஸுல நின்னுக்கிட்டே வந்தேன்.”

“யாருக்கும் தொறக்கக் கூடாதுன்னு அப்பா சொல்லிருக்காரு.”

“எனக்குமா?”

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். தப்பாகச் சொல்லிவிடக் கூடாதே என்று அப்பா சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். அம்மா வந்தால் அப்பாவிடம் பேசிக்கொள்வாள்.

கை நீட்டினால் எட்டும் தூரத்தில்தான் நின்றாள். கயிற்றைக் கழற்றி எடுத்திருக்கலாம். ஓர் அதட்டல் போட்டிருந்தால் நானே கொடுத்திருப்பேன். அம்மா பையின் மேல் உட்கார்ந்தாள். குடிக்கத் தண்ணீர் மட்டும் கேட்டாள். கதவைத் திறந்தால் பின்னாலேயே உள்ளே வந்துவிடுவாள் என்று எனக்கு யோசனை ஓடியது. ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒரு சொம்பு தண்ணீர் வாங்கி வந்தேன்.

அக்காவும் கூடவே வந்தாள். பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

“ஏம் புள்ள, பெத்தவளை வாசல்ல உக்கார வெச்சுட்டு அக்கம்பக்கத்துல தண்ணி வாங்கிக் குடுக்கறயா? தொற மொதல்ல!” என்று என் கழுத்துக் கயிற்றில் கை வைத்தாள்.

அம்மா தடுத்தாள். “வேண்டாங்க. அவ தொறந்தா அவளுக்குத்தான் ஏச்சு விழும். உட்ருங்க.”

தண்ணீரைக் குடித்து முடித்தாள். சொம்பை அக்காவிடம் கொடுத்துவிட்டு என்னைக் கேட்டாள்.

“அம்மாகூட ஓவேலிக்கு வர்றியா?”

வரத்தான் ஆசை. ஆனால் எனக்கு ஒரு பொறுப்பு இருந்தது.

“சாவிய யாருகிட்டக் குடுத்துட்டு வர்றது?” என்றேன்.

அம்மா சிரித்தாள் என்றுதான் பல வருடங்கள் நினைத்திருந்தேன். பையைத் தூக்கிக்கொண்டு தூறலில் இறங்கிப் போனாள். ஐந்தரை பஸ் வளைவில் ஹாரன் அடித்தது கேட்டது.

அப்பா வந்ததும் முதல் வேலையாகச் சொன்னேன். அவர் சாவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கை கால் கழுவப் போனார். அத்தைதான் கன்னத்தைக் கிள்ளினாள். “கெட்டிக்காரி! எங்க ஊட்டு ரத்தம்!” என்றாள். அதன்பிறகு வீட்டுக்கு யார் வந்தாலும் அந்தக் கதையைச் சொல்லச் சொல்வாள். நானும் சொல்வேன். சொல்லச் சொல்ல என் பங்கு கூடிக்கொண்டே போனது. ஒரு கட்டத்தில் அம்மா அழுது கெஞ்சியதாகவும், நான் அசையவில்லை என்றும்கூடச் சொன்னேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா, அம்மாவின் அண்ணன், ஊர்ப் பெரியவர்கள் இருவரோடும் அம்மாவோடும் வந்தார். கதவு திறந்தே இருந்தது. அம்மா உள்ளே வந்து, வந்தவர்களுக்குப் போடும் பிளாஸ்டிக் நாற்காலியில் கதவோரமாக உட்கார்ந்தாள். பெரியவர்கள் நெடுநேரம் பேசினார்கள். “பெத்தவகிட்டத்தான இருக்கோணும்?” என்று மாமா ஒருமுறை குரலை உயர்த்தினார். உடனே அத்தை என்னைக் கூப்பிட்டு நடுவில் நிறுத்தினாள்.

“அன்னைக்கு அம்மா வந்தப்ப என்ன பண்ணுன? நீயே சொல்லு கண்ணு.”

சொன்னேன். பழகிய கதை, திக்கவேயில்லை. கெஞ்சியதையும் சேர்த்துச் சொன்னேன். மாமா தலையைக் குனிந்துகொண்டார். அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் முடித்ததும் என்னைக் கிட்டத்தில் இழுத்து, ஏறுக்குமாறாகப் போட்டிருந்த ஸ்வெட்டர் பட்டனைக் கழற்றிச் சரியாகப் போட்டுவிட்டாள்.

“சரிங்க. இங்கயே இருக்கட்டும்” என்று பெரியவர்களிடம் சொன்னாள்.

சாவியைத்தான் சொல்கிறாள் என்று நினைத்தேன். இனி யாரும் அதை என்னிடமிருந்து வாங்க மாட்டார்கள் என்ற நிம்மதியில் வெளியே விளையாட ஓடினேன்.